ஷிராசு சயெகோ: பத்திரிகையாளரா, படையின் கேமராவா?

கறுப்பு வெள்ளை:
‘ஃபிளாக்’ என்ற அனிமே (ஜப்பானிய அசைவூட்ட) தொடரை (2006, மொத்தம் 13 அத்தியாயங்கள், தலைமை இயக்கம் தகாஹாஷி ரியோசுகே) ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். போர்க்களப் புகைப்படக் கலைஞர் என்ற பேச்சு வந்தாலே அனிமே ரசிகர்கள் அதன் நாயகி ஷிராசு சயெகோவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பார்க்காதவர்களுக்குக் கதை இது. ஆசியாவில் உத்தியானா என்ற கற்பனை நாடு, உள்நாட்டுப் போர். ஐ.நா. படை இறங்கியும் சண்டை ஓயவில்லை. போர்க்களத்தில் எடுக்கப்பட்ட கொடியின் படம் ஒன்று உலகமெங்கும் பரவி, சமாதானப் பேச்சை முடுக்கிவிடுகிறது. உடன்பாடு கனியும் தறுவாயில் தீவிரவாதக் குழு ஒன்று அந்தக் கொடியைத் திருடிக்கொண்டு போய்விடுகிறது. அதை மீட்க எஸ்.டி.சி. என்ற சிறப்புப் படையை ஐ.நா. ரகசியமாக அனுப்புகிறது. கொடிப் படத்தோடு பெயர் சேர்ந்துவிட்டதால் சயெகோவுக்கும் அழைப்பு வருகிறது.

அழைத்தது படை. சோறு போடுவது படை. ஹெலிகாப்டரில் ஏற்றி இறக்குவது படை. நடவடிக்கையோ பரம ரகசியம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதன் விளைவு புரியாதா? அவர் எடுத்ததைச் செய்தி என்று நான் சொல்ல மாட்டேன்.

நடுநிசி ரயில்:
உங்கள் குற்றச்சாட்டை உங்களுக்கு முன்பே தொடர் சொல்லிவிட்டது. எங்கிருந்து பார்க்கிறோம் என்று தெரியாத காட்சி அதில் கிடையாது. சயெகோவின் புகைப்படக் கேமரா, வீடியோ கேமரா, கணினி வழி உரையாடல், ஹேவாக் என்ற கவச இயந்திரத்தின் குறிபார்க்கும் கருவி என்று திரையில் வருவதெல்லாம் ஏதோ ஒரு கண்ணாடி வில்லை வழியாகத்தான் வருகிறது. மற்ற ரோபோ தொடர்களில் இயந்திரம் பாயும்போது கைதட்டுகிறோம். இங்கே அது பாயும்போது, அதைச் சுடும் கண்ணால் பார்க்கிறோம். அடுத்த நொடியே சயெகோவின் கேமரா. இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சட்டகம். ‘நீ எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாய்’ என்று பார்ப்பவனை உலுக்குவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

இன்னொன்று. முகாமுக்குள் சயெகோ என்றால் ஊருக்குள் அவருடைய மூத்த சகா அகாகி கெய்இச்சி இருக்கிறார். தெருவையும் மக்களையும் அவர் எடுக்கிறார். ஒருவர் பார்வையில் விழும் ஓட்டையை மற்றவர் அடைக்கிறார்.

கறுப்பு வெள்ளை:
உத்தி அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் உத்தி ஒரு பாத்திரத்தின் நேர்மைக்குச் சாட்சி சொல்லாது. முகாமில் வீரர்கள் சாப்பிடுகிறார்கள், கேலி பேசுகிறார்கள், தங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிறார்கள். நமக்கு அவர்களைப் பிடித்துப்போகிறது. எதிர்த் தரப்போ குறிபார்க்கும் கருவிக்குள் தெரியும் வெப்பப் புள்ளி. அந்தப் புள்ளிக்கும் ஓர் ஊர் இருக்குமே? அகாகி அடைக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் பாராட்டு அகாகிக்குப் போகட்டும்.

அரைத்தூக்கம்:
நான் எட்டாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். கடைசி அத்தியாயத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தால் நடப்பதே வேறு.

மலைப்பாம்பு:
படையோடு போனாலே படையின் ஆள் என்பது சரித்திரத்துக்கு ஒவ்வாத வாதம். ஜப்பானியப் புகைப்படக்காரர் சவாடா கியோயிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்துக்காக வியட்நாமில் படம் எடுத்தவர். 1965-இல் குண்டுவீச்சுக்குத் தப்பிப் பிள்ளைகளோடு ஆற்றில் கழுத்தளவு நீரில் வரும் தாய்மாரின் படம், 1966-இல் அவருக்குப் புலிட்சர் பரிசு வாங்கிக் கொடுத்தது. அதே 1966-இல் இன்னொன்று எடுத்தார்: அமெரிக்கக் கவச வண்டி, அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் வீரர் ஒருவரின் உடலைக் கயிற்றில் கட்டி மண்சாலையில் இழுத்துக்கொண்டு போகும் படம். யார் தயவில் அந்த இடத்துக்குப் போனார்? அமெரிக்கப் படையின் தயவில். யாருக்குத் தலைகுனிவு? அதே படைக்கு. உப்பைத் தின்றார், உள்ளதையும் எடுத்தார். 1970-இல் கம்போடியாவில் கொல்லப்பட்டார்.

சயெகோவை உருவாக்கியவர்கள் இந்த மரபை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது. அங்கோர்வாட்டைப் படமெடுத்தே தீருவது என்று கிளம்பி, 1973-இல் கம்போடியாவில் மறைந்த போர்ப் புகைப்படக்காரர் இச்சினோசே தாய்சோவின் பெயர் ஜப்பானில் இன்றும் பிரபலம்.

கறுப்பு வெள்ளை:
மலைப்பாம்பு, சவாடாவைச் சொல்லி எனக்குத்தான் வேலையை எளிதாக்கிவிட்டீர்கள். வியட்நாமில் முன்தணிக்கை கிடையாது. அடையாள அட்டை இருந்தால், இடமிருக்கும் ஹெலிகாப்டரில் ஏறலாம். பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு படைப்பிரிவோடு போகலாம், இல்லை தலைநகர் சைகோனுக்கே திரும்பிவிடலாம். அங்கே பட்ட அடியால்தான் அமெரிக்க ராணுவம் பின்னாளில் வழியை மாற்றிக்கொண்டது. 2003 இராக் போரில் 600-க்கும் மேற்பட்ட செய்தியாளர்களைப் படைப்பிரிவுகளோடு ஒட்டவைத்தார்கள். எதை எப்போது வெளியிடலாம் என்பதற்கு முன்கூட்டியே விதிமுறை, அதில் கையெழுத்து. சயெகோ இந்த இரண்டாவது வகை. நினைத்த நேரத்தில் எழுந்து போக அவருக்கு வழியே இல்லை.

கூழாங்கல்:
இருவரும் கேமராவைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். எனக்கு உறுத்துவது கொடி. ஒரு படம் போரை நிறுத்தும், அதில் இருக்கும் துணியைத் திருடினால் சமாதானமே குலையும் என்பதை எப்படி நம்புவது?

ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை கொடியேற்றிய ஜப்பானியத் தீவு இவோ ஜிமாவை நினைத்தால் சிரிக்க முடியவில்லை. 1945 பிப்ரவரி 23 அன்று சுரிபாச்சி மலைமேல் ஏற்றப்பட்ட முதல் கொடி சிறியது. அதை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று ஏற்றினார்கள். புகைப்படக்காரர் ஜோ ரோசந்தால் படமெடுத்தது இரண்டாவதை. படத்தில் உள்ள ஆறு பேரில் மூவர் அந்தத் தீவிலேயே செத்தார்கள். பிழைத்தவர்கள் என்று கருதப்பட்ட மூவரை ஊருக்கு அழைத்துவந்து போர்க் கடன்பத்திரம் விற்க ஊர் ஊராக அனுப்பினார்கள். அந்த மூவரில் இருவர் படத்திலேயே இல்லை என்று அமெரிக்க மரைன் படை 2016-இலும் 2019-இலும்தான் ஒப்புக்கொண்டது. ஆள் யாராக இருந்தால் என்ன, கொடி தெரிந்தால் போதும் என்று எழுபது ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது!

பெர்லின் கதை இன்னும் மோசம். ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடியைப் படமெடுத்த சோவியத் புகைப்படக்காரர் கால்தேய், அந்தக் கொடியையே கையோடு கொண்டுபோனவர். மேசை விரிப்பில் தைத்தது. ஒரு வீரரின் இரண்டு கையிலும் கடிகாரம் இருந்ததால், கொள்ளை என்று ஊர் பேசும் என்று படத்தில் ஒன்றைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். புகையும் பிறகு சேர்த்ததுதான்.

நடுநிசி ரயில்:
கூழாங்கல், நீங்கள் தொட்டதுதான் சயெகோவின் சிக்கல். அழுத்தியது அவர் விரல், ஆனால் படம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. யார் யாரோ தங்கள் தேவைக்கு அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அந்தத் துணிக்காக ஆட்கள் சாகப்போகிறார்கள் என்றால், அதைத் தொடங்கிவைத்தவர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருப்பதுதான் நேர்மையா? அவர் போனது எனக்குக் கடன் தீர்க்கப் போனதாகவே படுகிறது.

தாமதமாக வந்தவன்:
போர்ப் புகைப்படக்காரர் என்றால் ‘கண்டம் சீட் டெஸ்டினி’ என்ற ரோபோ அனிமேயின் மிரியாலியாவை யாருமே சொல்லவில்லையே? போரை வெறுத்துக் கேமரா எடுத்தவர்.

மலைப்பாம்பு:
எடுத்தார், பிறகு முன்பு பணியாற்றிய ஆர்க்கேஞ்சல் போர்க்கப்பலிலேயே பழைய இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேமராவால் கதையில் ஒரு துரும்பும் நகரவில்லை. அதே கண்டம் சீட் உலகத்தின் ‘ஆஸ்ட்ரே’ கிளைக்கதையில் புகைப்படக்காரர் ஜெஸ் ராபிள் ரோபோவிலேயே ஏறிப் படம் எடுப்பார். அது விளையாட்டுப் பொம்மை விற்கும் கலை, விட்டுவிடுவோம்.

இந்தத் தொடர் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். இராக்கின் சமாவாவில் இருந்த ஜப்பானியத் தரைப்படை நாடு திரும்பியது இதே 2006-இல்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2004 ஏப்ரலில், இராக்கில் பணயக்கைதிகளாகப் பிடிபட்டு மீண்ட மூன்று ஜப்பானியரில் ஒருவர் புகைப்படக்காரர். ஊர் திரும்பியவர்களை ‘உன் ஆபத்துக்கு நீயே பொறுப்பு’ என்று வறுத்தெடுத்தார்கள். அடுத்த மாதமே மூத்த செய்தியாளர் ஹாஷிதா ஷின்சுகே அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். தனியாகப் போனால் ‘ஏன் போனாய்’ என்பார்கள், படையோடு போனால் ‘விலைபோனாய்’ என்பார்கள். இரண்டில் எதைச் செய்திருந்தால் கறுப்பு வெள்ளை திருப்தி அடைந்திருப்பார்?

கறுப்பு வெள்ளை:
மூன்றாவது வழி ஒன்று உண்டு. போய்விட்டு, தன்னை அழைத்துப் போனவர்களுக்குப் பிடிக்காததை வெளியிடுவது. சவாடா செய்தது அதுதான் என்று நீங்களேதான் சொன்னீர்கள். எஸ்.டி.சி. விரும்பாத ஒரே ஒரு படத்தை, முகாமில் இருக்கும்போதே சயெகோ வெளியுலகத்துக்கு அனுப்பியதாக ஒரு காட்சி காட்டுங்கள். நான் எழுதியதை அழித்துவிடுகிறேன்.

நடுநிசி ரயில்:
முகாமுக்குள் எடுத்த அத்தனையையும் அகாகி வரிசைப்படுத்திச் சொல்வதாகத்தானே தொடரே அமைந்திருக்கிறது? படை விரும்பியது மட்டும் அதில் இருந்தால், அதைப் பார்த்துவிட்டு நீங்கள் எப்படிப் படையின் மேல் இவ்வளவு கோபப்படுகிறீர்கள்?

கறுப்பு வெள்ளை:
என் கோபம் படையின் மேல் இல்லை. அதை இரண்டாவது பதிவிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.