கேரவன் பின்னால் காரைக் கட்டி இழுத்தவர்கள் இருக்கிறீர்களா?

பர்கூர் மாந்தோப்பு

ஒகேனக்கல் போகிற வழியில் நடந்தது. அக்கா வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு கேரவனை மூன்று நாளுக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார். டிராவலர் வண்டியை மாற்றிக் கட்டியது, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. அம்மா, அக்கா, பிள்ளைகள் அதில். நானும் என் மனைவியும் எங்கள் பழைய டீசல் காரில் பின்னால். சூளகிரி தாண்டியதும் ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. டைமிங் பெல்ட். ஞாயிற்றுக்கிழமை வேறு. கிருஷ்ணகிரியில் தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டால், "எப்படியாவது இங்க கொண்டு வந்துடுங்க" என்கிறார். 25 கிலோமீட்டர் இருக்கும்.

கேரவன் டிரைவர் மஞ்சள் நைலான் கயிறு ஒன்றை எடுத்தார். "ரெண்டு மடிப்பா போட்டா தாங்கும் சார்." மனைவி கேரவனுக்கு மாறிக்கொண்டாள், நான் காரில் தனியாக. கட்டி இழுப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, அதை விட்டுவிடுகிறேன்.

மேலுமலை இறக்கம். முன்னால் ஒரு மாங்காய் லோடு மெதுவாகப் போகிறது. கேரவன் பிரேக் போட்டது, நானும் போட்டேன். பிடித்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி. அதுவும் பிடித்தது. மூன்றாவது முறை மிதித்தால் பெடல் கருங்கல்லாக நிற்கிறது, அசையவில்லை. கேரவனின் பின்கண்ணாடியில் அக்கா மகன், ஐந்து வயது, மூக்கைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு எனக்கு டாட்டா காட்டுகிறான். அழுத்தி வைத்ததில் மூக்கு வெள்ளையாகத் தட்டையாக இருக்கிறது. அந்த மூக்கு பெரிதாகிக்கொண்டே வருகிறது.

இரண்டு காலையும் பெடல்மேல் வைத்து எழுந்து நின்றேன் என்றே சொல்லலாம். கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. நின்றபோது என் பம்பருக்கும் கேரவன் ஏணிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். பையன் சிரித்துக்கொண்டே இருக்கிறான், மாமா விளையாட்டு காட்டுகிறார் என்று.

ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் அந்த மூக்கு. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? அறிவுரை வேண்டாம், அனுபவம் போதும்.

கருப்பு கிரீஸ்

காரிமங்கலம் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருஷம் பாலக்கோட்டிலிருந்து ஒரு ஆட்டோமேட்டிக் காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். நியூட்ரலில் போட்டுத்தான் வந்தோம் என்று சத்தியம் செய்தார்கள். கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினேன். அடிப்பிடித்த வெங்காய வாசம். ஸ்டார்ட் ஆகாத காரை ஸ்டார்ட் பண்ணக் கொண்டுவந்தவர் புது கியர்பாக்ஸ் விலை கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் பிரேக் கெட்டுப்போகவில்லை. பிரேக் மிதியை லேசாக்குவது பூஸ்டர், இன்ஜின் ஓடினால்தான் அதற்கு வேக்குவம். நின்ற பிறகு உள்ளே மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் உங்கள் கால் பலம் மட்டுமே. பவர் ஸ்டியரிங்கும் அதே கதி. சாவியை உருவிவிட்டால் இன்னும் மோசம், ஸ்டியரிங் லாக் விழுந்து வளைவில் நேராகப் போவீர்கள். சாவி உள்ளே இருக்க வேண்டும், ஒரு கட்டம் திருகியும் இருக்க வேண்டும்.

கயிற்றை எங்கே கட்டினீர்கள் என்றும் எழுதவில்லை. பம்பரில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பம்பர் மட்டும் ஊர் போய்ச் சேரும். ஸ்டெப்னி டூல்ஸ் பையில் ஒரு கொக்கி கிடக்கும். பம்பரில் சின்ன சதுர மூடியைக் கழற்றி அதை உள்ளே திருகணும். சில கார்களில் மரை இடப்பக்கம் சுற்றும், வலப்பக்கம் முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டு என்னிடம் வருவார்கள். கயிற்றைவிட இரும்பு ராடு நல்லது, முன்வண்டி நின்றால் பின்வண்டி போய் மோதாது. கயிறுதான் கதி என்றால், பிரேக் போடுவது பின்வண்டிக்காரன் வேலை. கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கிற மாதிரி அவன் லேசாகப் பிடித்துக்கொண்டே வரணும். தொய்ந்து, திரும்ப வெடுக்கென்று இழுத்தால் எந்தக் கயிறும் அறும். அறுந்த கயிறு சாட்டை மாதிரி வரும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. நடுவில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். ஆட்டோமேட்டிக், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, பேட்டரி கார், இந்த மூன்றையும் தரையில் உருட்டிக்கொண்டு போகவே கூடாது. மேலே ஏற்றித்தான் கொண்டுபோகணும். பின்னால் அனுபவசாலியை உட்கார வையுங்கள்.

நாலு ரோடு

கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன் அண்ணா. எந்த ஊரில் அனுபவசாலி பின்னால் உட்காருகிறார்? இழுக்கிற வண்டியை ஓட்ட ஆம்பளைகள் நாலு பேர் சண்டை போடுவார்கள். பின்னால் சும்மா ஸ்டியரிங் பிடிக்கிற வேலைதானே என்று என்னைக் கூப்பிட்டார்கள். லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம் எனக்கு.

கொழுந்தனாரின் பிக்கப் முன்னால், எங்கள் கார் பின்னால். ஹைவேயில் சுங்கச்சாவடி வந்தது, எது என்று சொல்லப் போவதில்லை. பிக்கப்பின் ஃபாஸ்டேக்கைப் படித்துக் கட்டை மேலே போனது. பிக்கப் தாண்டியது. கட்டைக்கு வேலை முடிந்தது, இறங்கிவிட்டது. நான் கயிற்றின் இந்த முனையில்!

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அந்தக் கட்டை பானட்டில் தொப்பென்று விழுந்து, அப்படியே கண்ணாடியை நோக்கித் தவழ்ந்து வந்தது. பிரேக் போட்டால் கயிறு அறுந்து எங்கே அடிக்கும் என்று தெரியாது. போடாவிட்டால் கட்டை முகத்துக்கு வருகிறது. ஹாரனை அழுத்துகிறேன், கொழுந்தனார் பாட்டுச் சத்தத்தில் போய்க்கொண்டே இருக்கிறார். கண்ணாடியில் வந்து முட்டிய பிறகு கட்டையே அடியில் கழன்று ஒரு பக்கம் சாய்ந்தது. அது மோதினால் கழன்றுகொள்கிற மாதிரிதான் செய்திருப்பார்களாம், பிறகு யாரோ சொன்னார்கள்.

அதற்கப்புறம் அரைமணி நேரம் பஞ்சாயத்து, இது ஒரு வண்டியா இரண்டு வண்டியா என்று. கடைசியில் இரண்டுக்கும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு வண்டிக்கும் நடுவில் போனில் கால் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தால் போதும். இந்த ஒன்றைக் கருப்பு கிரீஸ் அண்ணா விட்டுவிட்டார்.

ஊத்தங்கரை வாத்தியார்

இதையெல்லாம் முறையாகச் செய்கிற இடத்தைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். 2019ல் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம். ஓய்வு பெற்ற தம்பதிகள் பஸ் நீளத்துக்கு மோட்டார்ஹோம் வாங்கி, அதன் பின்னால் சொந்தக் காரைக் கோத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். பெரிய வண்டியை முகாமில் நிறுத்திவிட்டுக் கடைகண்ணிக்குப் போகச் சின்ன கார் வேண்டுமே, அதற்காக. பழுதான காரை இழுப்பது அல்ல, நல்ல காரைத்தான் இழுக்கிறார்கள். மகன் அவனுடைய நண்பரிடம் அப்படி ஒன்றை இரவல் வாங்கினான். இழுப்பது அவனுக்கும் முதல் தடவை.

கயிறு என்ற பேச்சே அங்கே இல்லை. காரின் சேசிஸில் ஒரு தகடு நிரந்தரமாகப் பொருத்தியிருக்கிறது. அதிலிருந்து மோட்டார்ஹோமுக்கு ஏ எழுத்து வடிவத்தில் இரும்பு ராடு. அதற்குக் கீழே பெருக்கல் குறி போல் குறுக்காக இரண்டு பாதுகாப்புக் கேபிள், ராடு கழன்றாலும் கார் தனியாக ஓடிவிடாது. முன்வண்டியின் இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் வயர் வழியாகக் காரின் பின்னாலும் எரியும். காருக்குள் ஆளே கிடையாது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், முன்வண்டி பிரேக் போட்டால் அந்தப் பெட்டி பெடலை மிதிக்கும். மெல்லிய கம்பி ஒன்று தனியாகப் போகிறது. இரண்டு வண்டியும் பிரிந்துவிட்டால் அது உருவிக்கொண்டு காருக்கு முழு பிரேக் போட்டுவிடும். எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது, கம்பெனி கையேட்டில் அனுமதி இருக்க வேண்டும். ஹோண்டா சிஆர்வி 2014 மாடல் வரை இழுக்கலாம், 2015லிருந்து கியர்பாக்ஸ் மாறியதால் கூடாது என்றார் அந்த நண்பர்.

ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து ஃபீனிக்ஸுக்கு நீண்ட மலை இறக்கம். நம் தொப்பூரெல்லாம் அதன் முன் குழந்தை. கியரைக் குறைத்து மெதுவாக இறங்கினான், ஒன்றும் ஆகவில்லை. ஆனது கீழே பெட்ரோல் பங்கில். டீசல் போட்டுவிட்டு வெளியே போகிற வழி என்று நினைத்துத் திரும்பினால் முன்னால் சுவர். பின்னால் எடுக்க முடியாது! ராடு போட்ட காரைப் பத்தடிகூட ரிவர்ஸில் தள்ளக் கூடாது, அதன் முன்சக்கரம் இஷ்டத்துக்கு மடங்கி ராடை முறித்துவிடும். நாற்பது டிகிரி வெயிலில் நானும் மகனும் மண்டிபோட்டு ராடைக் கழற்றினோம். விறைத்துக்கொண்டிருந்த பூட்டு ஊசி வர மறுத்தது. பின்னால் நாலு வண்டி காத்திருந்தது, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அந்த அமைதிதான் எனக்கு அவமானமாக இருந்தது. நம் ஊர் என்றால் நாலு பேர் திட்டியிருப்பார்கள், நாலு பேர் இறங்கித் தள்ளியும் இருப்பார்கள்.

பர்கூர்க்காரர் பெங்களூரிலேயே ஒரு ராடு வாங்கி வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

தொப்பூர் கண்டவன்

வாத்தியார் ஐயா, தொப்பூரைக் குழந்தை என்று சொல்லாதீர்கள். 26 வருஷம் லாரி ஓட்டியிருக்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது கட்டமேட்டுக்கும் இரட்டைப் பாலத்துக்கும் நடுவில் எத்தனை வண்டி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள், கீழே வரும்போது பிரேக் டிரம் புகையும். ஃபீனிக்ஸோ பாலக்கோடோ, இறக்கத்துக்கு ஊர் தெரியாது.

அப்புறம், ராடு வாங்கி வைத்து நல்ல காரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது இங்கே சட்டப்படி நடக்காது. 1989ல் போட்ட சாலை விதியிலேயே இருந்தது, 2017ல் அதற்குப் பதில் புது விதி வந்துவிட்டது. பழைய விதி சொன்னது இதுதான். ஓடாத வண்டியைத்தான் இழுக்கலாம், அதுவும் பக்கத்துப் பட்டறை வரைக்கும். இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார்ந்திருக்கணும். இடைவெளி ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது. பின்னால் வெள்ளையில் கறுப்பு எழுத்தில் பலகை. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். யார் 24ல் போகிறார்கள்? பர்கூர் தம்பி நீங்கள் எவ்வளவில் போனீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். அதே இறக்கத்தில் ஒரு வேன், பின்னால் கயிறு கட்டிய கார். எனக்கு முன்னால் போகிறார்கள். திடீரென்று கார் வலதுபக்கம் வெளியே வந்து வேனை முந்துகிறது. இழுபடுகிற வண்டி, இழுக்கிற வண்டியை! பிரேக் பிடிக்காமல் மோதாமலிருக்க ஒடித்திருக்கிறான் பையன். வேன் டிரைவரும் அவனும் ஜன்னலுக்கு ஜன்னல் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு. நான் வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்களுக்கு எல்லா விளக்கையும் போட்டுக் காட்டினேன். கயிறு தீர்ந்ததும் இரண்டு வண்டியும் ஒன்றையொன்று குறுக்கே இழுத்துத் தடுப்பில் போய் உரசி நின்றன. உயிருக்கு ஒன்றுமில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். வேன் டிரைவர், "முந்தறப்ப ஹாரன் அடிக்க மாட்டியாடா" என்று அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

கம்பைநல்லூர் ஆட்டோ

எங்களுக்குக் கயிறும் வேண்டாம் ராடும் வேண்டாம். பின்னால் வருகிற ஆட்டோக்காரன் காலை நீட்டி மிதித்தால் வண்டி ஷெட்டுக்குப் போய்விடும். செருப்புதான் தேயும்.

கருப்பு கிரீஸ்

அந்தக் காலோடு ஒருத்தர் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தார் என் பட்டறைக்கு. நாலு ரோடு தங்கச்சி, போன் விஷயம் சரிதான், விட்டுவிட்டேன்.

பர்கூர் மாந்தோப்பு

அறிவுரை வேண்டாம் என்றுதான் எழுதினேன், சரி.

தொப்பூர் அண்ணன் கேட்டதற்கு: நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில். டிரைவர் அண்ணன்மேல் தப்பில்லை, சீக்கிரம் போகலாம் என்று அவரை அவசரப்படுத்தியது நான்தான். பலகை, சிவப்புத் துணி ஒன்றும் இல்லை. கயிறு எத்தனை மீட்டர் என்று அளக்கவில்லை, ஐந்துக்குக் குறைவு. நின்றபோது எவ்வளவு இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியும்.

அதற்கு மேல் ஒரு அடி நகர்த்தவில்லை. நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு போன் செய்தேன், பிறகு மெக்கானிக் காரை மேலே ஏற்றிப் போகிற பழகின ஃப்ளாட்பெட் லாரி ஒன்றை அனுப்பினார். இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கேரவன் அடுப்பில் அக்கா உப்புமா கிளறினாள், அந்த வண்டியில் நாங்கள் சமைத்தது அந்த ஒரு தடவைதான். கயிற்றை டிரைவர் சுருட்டி உள்ளே வைக்கும்போது பார்த்தேன், ஒரு மடிப்பு ஏற்கெனவே அறுந்திருந்தது. அவரும் பார்த்தார். இரண்டு பேரும் அக்காவிடம் சொல்லவில்லை.

போன வாரம் பையன் வந்திருந்தான். காருக்குள் ஏறி உட்கார்ந்து, "மாமா, கயிறு எங்கே?" என்றான்.