துறைக்கு ஒரு அடுப்பு: டெல்டா கல்லூரி விழாக்களில் நாங்கள் பட்டவை

குடமுருட்டி:

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் 2016 முதல் 2019 வரை இளங்கலை படித்தவன் நான். ஆண்டு விழா, விளையாட்டு விழா, விடுதி நாள், முத்தமிழ் விழா என்று எங்களுக்கு விழாக்களுக்குக் குறைவில்லை. ஆயினும் மாணவர்கள் தங்களுடையது என்று உரிமை கொண்டாடியது, தை பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வளாகத்தில் வைக்கப்படும் சமத்துவப் பொங்கலைத்தான். ஆண்டு விழாவில் மேடையும் பொன்னாடையும் சிறப்பு விருந்தினரின் காரும் நிர்வாகத்தின் கவலை. பொங்கலிலோ, அடுப்புக்குச் செங்கல் தேடுவதிலிருந்து கரிபிடித்த பானையைத் தேய்ப்பது வரை எல்லாம் எங்கள் தலையில்தான் விடியும்.

துறைக்கு ஒரு அடுப்பு, அடுப்புக்கு மூன்று செங்கல். அரிசியைக் கடையில் வாங்கக் கூடாது, எவர் வீட்டு வயலில் அறுப்பு முந்துகிறதோ அவர் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத விதி. நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது அந்த விதியே எங்களைச் சோதித்தது. ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2017இல் அக்டோபர் 2ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. ஆற்றுத் தண்ணீரை நம்பிய சம்பா வயல்கள் மார்கழிக் கடைசியிலும் பச்சை மாறாமல் நிற்க, பம்புசெட் வைத்திருந்த ஒரத்தநாட்டு மாணவர் ஒருவர் மட்டும் ஒரு மூட்டை புது நெல்லை அவசரமாக அரைத்துக் கொண்டு வந்தார். சரியாகக் காயாத நெல்லாகையால் பாதி நொய்யாக உடைந்திருந்தது. புது அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பானை அழகாகப் பொங்கியது, குலவையும் இட்டோம். ஆனால் இறக்கிப் பார்த்தபோது அகப்பையில் நிற்காமல் வழிந்தது. அடுத்த அடுப்பிலிருந்த வணிகவியல் துறையினர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் முன் வரிசையாக நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

மூன்றாம் ஆண்டு வேறு விதமாகக் கழிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து நண்பர்கள் பல நாள் வகுப்புக்கு வரவில்லை. வந்தவர்கள் வீட்டுக் கூரை போனதைவிடத் தென்னந்தோப்பு போனதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். டிசம்பரில் பொங்கல் வசூலுக்கு ரசீதுப் புத்தகம் அச்சான நிலையில், விழா நடத்துவதா வேண்டாமா என்று மாணவர் பேரவையில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. வேண்டாம் என்று உறுதியாக நின்றவர்களில் நானும் ஒருவன். நடத்தத்தான் வேண்டும் என்று எங்களை மறுத்துப் பேசியவர், வீட்டில் ஓடு ஒன்றுகூட மிஞ்சாத பேராவூரணி மாணவர் ஒருவரே என்பதால் எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் கல்லூரி முழுமைக்கும் ஒரே பானை என்று முடிவாகி, மிச்சப் பணத்தில் தார்ப்பாய்களும் தென்னங்கன்றுகளும் வாங்கிக் கொடுத்தோம். ஒலிபெருக்கி இல்லை, உறியடி இல்லை. நான் கண்ட மூன்று பொங்கல்களில், பதமாக வெந்தது அந்த ஒரு பானைதான்!

வெண்ணாறு:

குடமுருட்டி அண்ணனின் அரிசிக் கதைக்குச் சிரித்தேன். நான் கும்பகோணத்தில் கணிதம் படித்தவள். எனக்கு விழா என்றால் பொங்கலைவிட டிசம்பர் 22தான் நினைவுக்கு வரும். இராமானுஜன் பிறந்த நாளான அதைத் தேசியக் கணித நாளாக அறிவித்த பிறகு எல்லாக் கல்லூரிகளும் வினாடி வினா, கட்டுரைப் போட்டி என்று ஏதேனும் நடத்துகின்றன. ஆனால் அவர் வளர்ந்த ஊரில் படித்த எங்களுக்கு வேறொரு வாய்ப்பும் இருந்தது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2005 முதல், 32 வயதுக்கு மேற்படாத கணித அறிஞர்களுக்கு ஆண்டுதோறும் இராமானுஜன் பெயரால் பரிசளித்து வருகிறது. பரிசுத் தொகை 10,000 டாலர். அவர் வாழ்ந்ததே 32 ஆண்டுகள்தான் என்பதால் அந்த வயது வரம்பு. முதல் ஆண்டு பரிசு பெற்ற மஞ்சுள் பார்கவா 2014இலும், 2008இல் பெற்ற அக்‌ஷய் வெங்கடேஷ் 2018இலும் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்கள் என்பதைப் பின்னாளில் செய்தியில் படித்தபோது, ஏதோ எங்கள் தெருக்காரர்கள் வென்றதுபோல் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

இரண்டாம் ஆண்டில், எங்கள் பேராசிரியை, அந்தப் பரிசு வழங்கப்படும் மாநாட்டுக்கு எங்களில் பத்துப் பேரை அழைத்துச் சென்றார். அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, பேருரையின் முதல் பத்து நிமிடம் வரை புரிந்தது என்று சொன்னாலே அது பொய்யாகும். இருந்தும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போன அந்த இளைஞர், ஓரிடத்தில் நின்று, தாம் எழுதியதையே ஐயத்தோடு பார்த்து, அழித்துவிட்டு மறுபடி எழுதினார். பெரியவர்களும் அழித்து எழுதுவார்கள் என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான். மாலையில் சாரங்கபாணி சன்னதித் தெருவிலுள்ள இராமானுஜன் வீட்டுக்கு நடந்தே போனோம். திண்ணையும் சன்னலோரக் கட்டிலுமாக மிகச் சிறிய வீடு. காவிரிக் கரையிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தவர் அவர் என்று பேராசிரியை திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் துணைப்பாடமான இயற்பியலில் அரியர் வைத்திருந்த என் தோழி, தனக்கும் நல்ல காலம் உண்டு என்று என் காதில் சொன்னாள்.

கொள்ளிடம்:

நான் உங்கள் இருவருக்கும் மூத்தவன். 2002இல் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் காலத்தில் வேட்டி தினம் என்று தனியாக ஒன்று கிடையாது. இப்போது பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் வேட்டியைக் கட்டி, அதற்கு மேல் பெல்ட்டும் போட்டுக்கொண்டு தற்படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அவிழாத வரைக்கும் நல்லதுதான்.

விடுதி நாளைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பது என் குறை. எங்கள் விடுதியில் டிவைடிங் முறை. அதாவது மாதச் செலவு முழுவதையும் சாப்பிட்டவர்களின் நாள் கணக்குப்படி வகுத்து ஒவ்வொருவர் பேரிலும் போடுவார்கள். நான் மெஸ் பிரதிநிதியாக இருந்த ஆண்டில், விடுதி நாள் விருந்துக்குக் கோழியும் ஐஸ்கிரீமும் சற்றுத் தாராளமாகவே வாங்கிவிட்டேன். வாழையிலை போட்டுப் பந்தி பரிமாறிய அந்த இரவில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியவர்களே, அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் பில் ஒட்டப்பட்டதும் என் அறைக்கதவைத் தட்டினார்கள். கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கோழிக்காலுக்கு எவ்வளவு என்று நள்ளிரவு வரை விளக்க வேண்டியிருந்தது. சைவம் சாப்பிட்டவர்கள் மறுநாள் காலையில் தனியாக வந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பதால், மறு ஆண்டு முதல் கோழிக்குத் தனி டோக்கன் என்று மாற்றினோம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமைப் பற்றியும் ஒரு வரி. மன்னார்குடிப் பக்கத்து ஊரில் வாய்க்காலை அடைத்திருந்த வெங்காயத்தாமரையை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாரிக் கரையேற்றினோம். ஊர்ப் பெரியவர் ஒருவர், “தம்பி, கரையோரமாப் போடாதீங்க, மழை வந்தா திரும்ப உள்ளதான் விழும்” என்று இரண்டு நாள் சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரவு மழை பெய்தது.

அக்னியாறு:

குடமுருட்டி குறிப்பிட்ட பேராவூரணி மாணவன் நானேதான். அன்று பேரவையில் அப்படிப் பேசியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு மாதமாக நிவாரண முகாமிலும் உறவினர் வீட்டிலும் பிறர் வைத்த சோற்றையே தின்றுகொண்டிருந்தேன். ஒரு நாளாவது நான் அடுப்பு மூட்ட வேண்டும் என்றிருந்தது. நீங்கள் கொடுத்த கன்றுகளில் இரண்டு பிழைத்தன, மற்றவை அந்தக் கோடையிலேயே கருகிவிட்டன. நீலத் தார்ப்பாய் மட்டும் இன்னும் இருக்கிறது. கூரை போட்ட பிறகு அதற்கு வீட்டில் வேலை இல்லை. ஒவ்வொரு மாசியிலும் கொள்முதல் நிலையத்தில் எடைக்குக் காத்துக் கிடக்கும் நெல்லின் மேல் அப்பா அதைத்தான் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைக்கிறார்.