1971 போரில் இருந்த அப்பாவின் ஆவணம் "அழிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்திருக்கிறது, இனி என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
வணக்கம். அப்பாவுக்காக எழுதுகிறேன். 1968இல் ராணுவத்தில் சேர்ந்தவர், என்ஜினியர்ஸில் சாப்பர், அதாவது பொறியாளர் பிரிவுச் சிப்பாய். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பக்கம் இருந்தார், கண்ணிவெடி அகற்றுகிற வேலை. சண்டை நின்ற பிறகும் அடுத்த வருஷம் நெடுக அங்கேயேதான் கிடந்தோம், நாங்கள் புதைத்ததை நாங்களே தோண்டி எடுக்க வேண்டியிருந்தது என்பார். 1977இல் தாத்தா இறந்ததும் வீட்டைப் பார்க்க ஆளில்லாமல் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதனால் ராணுவ பென்ஷன் கிடையாது, அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

பதக்கம் எதுவும் கைக்கு வரவில்லை. ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது போய்விட்டது. இந்த ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினத்துக்குக் கூட இருந்த ஒருவர் கூட்டிப் போயிருக்கிறார், எல்லாரும் பதக்கம் குத்தி வந்திருந்த இடத்தில் இவர் வெறும் சட்டையோடு நின்றிருக்கிறார், யாரோ "நீங்கள் எழுபத்தொன்றில் இருந்தீர்களா?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து ஒரே பிடி. காசு வேண்டாம், நான் அங்கே இருந்தேன் என்று அரசாங்கம் ஒரு தாளில் எழுதித் தரட்டும் என்கிறார்.

மனு அனுப்பினோம். பென்ஷன் இல்லாதவர் என்பதால் 25 ஆண்டு கழித்து ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று இரண்டே வரியில் பதில். ராணுவ எண் அப்பாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம். வயது 75 தாண்டிவிட்டது. இனி எங்கே போவது? வழக்குப் போடுவதா?

சிக்னல்ஸ்காரன்:
முதலில் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அப்பாவை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள், உதவி இயக்குநரைப் பாருங்கள். அந்தக் காலத்தில் வெளியே வந்தவர்கள் வேலைக்காக அங்கே பெயர் பதிந்து வைப்பார்கள், பழைய பதிவேடு இருந்தால் அதுவே ஒரு சாட்சி. இன்னொன்று, பென்ஷன் எதுவும் இல்லாமல் ஹவில்தார் ரேங்க் வரை இருந்து 65 வயது தாண்டியவர்களுக்குக் கேந்திரிய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய நல வாரியம்) மாத உதவி தருகிறது. அதையும் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய கிளார்க்:
அம்மா, நான் ஒரு ரெக்கார்ட்ஸில் (ராணுவ ஆவண அலுவலகத்தில்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அந்த இரண்டு வரிப் பதிலை நானே எத்தனையோ பேருக்கு டைப் அடித்திருக்கிறேன், அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். அழிந்தது ஷீட் ரோல், அதாவது அவருடைய தனிக் கோப்பு. பென்ஷன் இல்லாதவர்களுக்கு 25 வருஷம்தான் வைக்க வேண்டும் என்பது ராணுவ ஒழுங்குவிதிகளில் பாரா 595, அதில் அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பெரிய பேரேடு உண்டு, சேர்ந்த தேதி, போன தேதி, போன காரணம் எல்லாம் ஒரு வரியில் இருக்கும், அதை அழிப்பது கிடையாது. நீங்கள் "அங்கீகாரம் தாருங்கள்" என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் கிளார்க் தனிக் கோப்பைத் தேடுவான், இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த தபாலுக்குப் போய்விடுவான். "லாங் ரோலில் இந்த எண்ணுக்கு எதிரே உள்ள பதிவின் நகல்" என்று கேளுங்கள். அப்போது பேரேட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

மனுவாக வேண்டாம், தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) போடுங்கள், பத்து ரூபாய், ஆன்லைனிலேயே முடியும். ஆனால் விண்ணப்பம் அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில் இருக்க வேண்டும். மகள் கேட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று மறுக்க வழி இருக்கிறது. எந்த ரெக்கார்ட்ஸ் என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பொதுவாகச் சொன்னால் சாப்பர்களில் நம்மவர்களுக்குப் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மலைக்காற்று:
இவ்வளவு அலைச்சல் எதற்கு? கன்டோன்மென்ட் பக்கம் ராணுவ டெய்லர் கடைகளில் எல்லாப் பதக்கமும் ரிப்பனோடு கிடைக்கிறதே. வாங்கிக் குத்தி விடுங்கள், பெரியவர் சந்தோஷப்படுவார்.

சிக்னல்ஸ்காரன்:
மலைக்காற்று சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். சர்வீஸில் இருக்கிறவர்களே ஒரிஜினல் வந்து சேராமல் கடையில் வாங்கிக் குத்துவது உண்மைதான், பல வருஷமாக நடக்கிறது. ஆனால் அவர்கள் பெயருக்கு எதிரே பதிவு இருக்கிறது. பதிவு இல்லாமல் குத்தினால் அடுத்த விழாவில் அதே ஆள் அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்பான். அந்தப் பெரியவர் கேட்பது பித்தளை இல்லை.

பழைய கிளார்க்:
சரியாகச் சொன்னீர்கள். பதக்கத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன், நிறைய பேர் இதில் குழப்பிக்கொள்கிறார்கள். 71க்கு மேற்கே இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், கிழக்கே இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், அது போக சங்க்ராம் மெடல். சங்க்ராமுக்கு வரம்பு அகலம், போர்நிறுத்தத்துக்குப் பிறகு எல்லையில் நின்ற காலமும் அதில் வரும், சிம்லா ஒப்பந்தப்படி 72 டிசம்பரில் படைகள் பழைய எல்லைக்குத் திரும்பும்வரை அவர் அங்கே இருந்ததாகச் சொல்வது அதனால்தான் முக்கியம். மேலும் 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்த எல்லாருக்கும் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் உண்டு. இதற்குப் போரில் இருந்ததை நிரூபிக்கவே வேண்டாம், லாங் ரோலில் சேர்ந்த தேதியும் போன தேதியும் இருந்தாலே போதும். முதலில் இதைக் கேளுங்கள். ஒன்று பதிவாகிவிட்டால் அடுத்ததைக் கேட்பது சுலபம்.

மனுவில் "கொடுக்கப்படவே இல்லை" என்று தெளிவாக எழுதுங்கள். "தொலைந்துவிட்டது" என்று வாய்தவறி எழுதினால் அது மாற்றுப் பதக்கக் கணக்கில் போய்விடும், காசும் கட்டச் சொல்வார்கள்.

தபால்தலை:
நான் ராணுவத்தில் இல்லை, பழைய தபால் உறைகள் சேகரிக்கிறவன். அப்பா அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர், மணியார்டர் துண்டு ஏதாவது இருக்கிறதா? மேற்கே இருந்தவர்கள் முகவரி 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்), கிழக்கே என்றால் 99 ஏ.பி.ஓ. அதைவிட முக்கியம் முத்திரை. களத் தபால் நிலைய எண்ணும் தேதியும் அதில் விழுந்திருக்கும். எந்த எண் எந்தப் படைப்பிரிவோடு போனது என்று எங்களைப் போன்ற பைத்தியங்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். 71 டிசம்பர், 72 தேதியில் ஒரு உறை கிடைத்தாலும் நல்ல துணைச் சான்று. லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. லாங் ரோல் என்று ஒன்று இருப்பதே அப்பாவுக்குத் தெரியவில்லை. கடிதங்கள் சில அத்தை வீட்டுப் பெட்டியில் இருக்கலாம் என்கிறார், கேட்கிறேன். மாத உதவி எங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன் சார், அவர் வெளியே வந்த பிறகு முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் மின்வாரியத்தில் சேர்ந்து ஒயர்மேனாக ஓய்வு பெற்றார், அந்த பென்ஷன் வருகிறது.

பழைய கிளார்க்:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! ஒதுக்கீட்டில் சேர்ந்தார் என்றால் டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டாமல் யாரும் வேலை கொடுத்திருக்க மாட்டார்கள். மின்வாரியத்தில் அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரில் (எஸ்.ஆர்.) முன்பணி விவரம் எழுதியிருப்பார்கள், சான்றிட்ட நகலே ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஓய்வு பெற்ற அலுவலகத்திலோ பென்ஷன் பிரிவிலோ அது இருக்கும். எஸ்.ஆரில் முன்பணி பக்கம், இணைப்புகள், இரண்டின் நகலையும் அப்பா பெயரில் தனியாக ஒரு ஆர்.டி.ஐ. போட்டுக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் புக் நகல் கிடைத்தால் அதில் பதக்கங்களை எழுதும் கட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதில் பஸ்சிமி ஸ்டார் என்று எழுதியிருந்தால் உங்கள் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது, அனுமதி அன்றைக்கே கிடைத்துவிட்டது, பொருள் மட்டும் வரவில்லை என்று ஆகிவிடும்.

அவரைப்பந்தல்:
என் மாமனாருக்கு இதே கதை. எங்களை மாட்டிவிட்டது பெயர். ராணுவத்தில் அப்பா பெயரை முழுசாக முன்னால் போட்டு, ஸ்பெல்லிங்கையும் வடக்கத்தி கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், ஆதாரில் இனிஷியல் ஒற்றை எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. முதல் மனுவோடேயே இணைத்துவிடுங்கள். அப்புறம், ராணுவத்தினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பற்றி யாரும் சொல்லவில்லையே? சென்னையிலேயே கிளை இருக்கிறது.

பழைய கிளார்க்:
இருக்கிறது, ஆனால் கடைசியில். அங்கே ஆறு மாதக் காலவரம்பு, தாமதத்தை மன்னிக்கக் காரணம் சொல்ல வேண்டும், கையில் தாளே இல்லாமல் போனால் எதிர்தரப்பும் அதே பாரா 595ஐத்தான் நீட்டும். லாங் ரோல், எஸ்.ஆர். நகல், கடித உறை, கூட இருந்த இரண்டு பேர் எண்ணோடு தரும் உறுதிமொழி, இவ்வளவும் சேர்ந்த பிறகும் முறையான மனுவை மறுத்தால் தாராளமாகப் போகலாம். கூட இருந்தவர்களிடம் எழுதி வாங்குவதை மட்டும் நாளைக்கே தொடங்குங்கள், எல்லாரும் அதே வயதுக்காரர்கள். யூனிட்டின் போர் நாட்குறிப்பையும் கேட்கலாம், 2021இல் வந்த கொள்கைப்படி 25 வருஷம் கழித்து அவற்றை வெளியிடலாம் என்று இருக்கிறது, ஆனால் அதில் ஒரு சாப்பர் பெயர் இருக்காது, யூனிட் எங்கே நின்றது என்பதுதான் இருக்கும். ஸ்டார் கேட்க அது உதவும், அவசரமில்லை.

வைகைக்கரை:
சரி சார், எஸ்.ஆர். நகலும் லாங் ரோலும் முதலில். இரண்டு விண்ணப்பமும் இன்று எழுதிவிடுகிறோம். எண்ணின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து வரும் என்கிறார், அதில் மட்டும் அவருக்குச் சந்தேகம். தப்பாக எழுதினால் சிக்கலா?

பழைய கிளார்க்:
சந்தேகம் இருந்தால் எழுதாமல் விடுங்கள், அந்த எழுத்து சரிபார்ப்புக்குத்தான், எண்ணை வைத்தே தேடிவிடலாம். சேர்ந்த ஊரையும் மாதத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், பேரேட்டில் கண்டுபிடிக்க லேசாக இருக்கும். பதில் வந்ததும் பெயர், எண் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், அடுத்த மனுவின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.