புதுப்பிப்பு: தேடலைத் திசைதிருப்பிய நீட்சி நீங்கியது

குரோம் உலாவியில் செய்யும் தேடல்கள் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு தளத்துக்குத் திருப்பிவிடப்படுவதாகவும், அதற்குக் காரணமான நீட்சியை (உலாவியுடன் இணையும் துணை நிரல், extension) அகற்றும் பொத்தான் செயலிழந்திருப்பதாகவும் முன்பு எழுதியிருந்தேன். அந்தச் சிக்கல் இப்போது தீர்ந்துவிட்டது.

சொந்தக் கணினியாக இருந்தும், குரோமின் மெனுவில் உலாவியை ஒரு நிறுவனம் நிர்வகிப்பதாகக் காட்டிய வரிதான் முதல் தடயம். நிறுவனங்கள் தம் கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்கென உள்ள கொள்கை வசதியைப் பயன்படுத்தி, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (கணினியின் அமைப்புகள் சேமிக்கப்படும் தரவுத்தளம்), கட்டாயம் நிறுவப்பட வேண்டிய நீட்சிகளின் பட்டியலில் கணினிக்குள் புகுந்திருந்த ஒரு தீங்கு நிரல் தன் நீட்சியின் அடையாளக் குறியீட்டை எழுதிவைத்திருந்தது. அந்தப் பதிவு இருக்கும்வரை உலாவியை மீட்டமைப்பதால் பயனில்லை. (அலுவலகக் கணினியில் அவ்வரி இயல்பானதே, அங்கு எதையும் நீக்க வேண்டாம்.)

ரெஜிஸ்ட்ரிக்குக் காப்புநகல் எடுத்துவிட்டுப் பதிவை நீக்கிய பிறகும், கணினியை மறுபடி தொடங்கியதும் அது திரும்ப வந்தது. குறித்த நேரங்களில் பணிகளைத் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், பொருளற்ற பெயரில் இருந்த ஒரு பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை நிரல்) பணியே அதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. ஆகவே வரிசை மிக முக்கியம்: முதலில் அந்தப் பணியையும் அது இயக்கும் கோப்பையும் நீக்கி, பிறகு ரெஜிஸ்ட்ரிப் பதிவை அழித்து, கடைசியில்தான் உலாவியை மீட்டமைக்க வேண்டும். கூகுள் கணக்குடன் உலாவியின் அமைப்புகளைப் பகிரும் ஒத்திசைவை (sync) அதுவரை நிறுத்திவைப்பது நல்லது. இல்லையெனில் மாற்றப்பட்ட தேடல் அமைப்பு கணக்கின் வழியாகவே திரும்பி வரக்கூடும்.

நடப்பிலுள்ள கொள்கைகளைக் காட்டும் குரோமின் கொள்கைப் பக்கம் (chrome://policy) இப்போது வெறுமையாக இருக்கிறது. உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிட்டேன்.