மாரடைப்பு என்று தெரிய வருவதற்கே 40 நிமிடமா?

கேள்வி:
சென்ற மாதம் அதிகாலை 4 மணிக்கு நெஞ்சு அழுத்தமும் வியர்வையுமாக இருந்த என் தந்தையை அருகிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சர்க்கரை நோயாளியான அவர் வலியைப் பெரிதாகச் சொல்லாததால், வாயுத் தொல்லை என்று மருந்து கொடுத்து உட்கார வைத்துவிட்டு, 40 நிமிடம் கழித்தே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிறகு முன்பணம் கட்டச் சொன்னார்கள். அதன் பிறகுதான், ஆஞ்சியோ வசதி இல்லை என்று 60 கி.மீ. தொலைவிலுள்ள நகரத்துக்கு அனுப்பினார்கள். அடைப்பை நீக்கும்போது மணி 9. பிழைத்துவிட்டார், ஆனால் இதயத்தின் பம்பிங் திறன் குறைந்துவிட்டது. நாங்கள் எதைக் கேட்டிருக்க வேண்டும்?

மறுமொழி 1:
நான் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டிருந்து, வேறு ஊருக்கு அனுப்பினால் 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (பலூன் மூலம் அடைப்பை நீக்கும் சிகிச்சை) நடக்காது என்று தோன்றினால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை (டெனெக்டிபிளேஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸ்) அங்கேயே போட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. அண்மையில் பக்கவாதமோ ரத்தக்கசிவோ வந்தவர்கள் போன்ற சிலருக்கு அது ஆகாது. ஆகவே, "கரைக்கும் ஊசி போட்டுவிட்டு அனுப்புகிறீர்களா, இல்லையென்றால் ஏன்?" என்பதே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஈ.சி.ஜி.யைப் படமெடுத்து அடுத்த மருத்துவமனைக்கு முன்கூட்டியே அனுப்பினால், நோயாளி போய்ச் சேர்வதற்குள் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) தயாராகிவிடும்.

மறுமொழி 2:
நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் எங்களிடமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் முதல் தவணை மாத்திரைகள் இருக்கின்றன. அவை ஊசிக்கு மாற்று அல்ல என்றாலும், அவற்றைக் கொடுத்து 108-இல் ஏற்றிவிட முடியும். பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்று பலர் எங்களைக் கடந்து போய்விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி 3:
எங்கள் வீட்டில் தாமதம் செய்தவர்கள் நாங்களே. அம்மாவுக்கு ஊசி போடச் சம்மதம் கேட்டபோது, பெங்களூரிலிருந்து அண்ணன் வரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தை நினைக்காத நாளில்லை. தயவுசெய்து, கையெழுத்திடப் போகிறவர் யார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அப்பாவின் சிகிச்சை ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். ஈ.சி.ஜி. தாளில் 5.02 என்று அச்சாகியிருக்கிறது. கரைக்கும் ஊசி போட்டதாக எங்கும் குறிப்பில்லை. அதன் காரணத்தை எழுத்துமூலம் கேட்டு அந்த மருத்துவமனைக்கு நாளை கடிதம் கொடுக்கிறேன்.