ரிப்பிளிங்: 'திரைப்பு' எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மார்பக உள்வைப்பு, அதாவது மார்புக்குள் வைக்கும் சிலிக்கோன் பை, தரும் சிக்கல்கள் பற்றிய கையேட்டில் இரண்டு சொற்களைத் தமிழாக்குவதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கேப்சுலர் கான்ட்ராக்சருக்கு நேற்று குழுவில் வந்த 'உறைச்சுருக்கம்' எனக்கு ஒட்டவில்லை. சிலிக்கோன் பையைச் சுற்றி உடம்பே ஒரு தழும்புறையைக் கட்டிக்கொள்ளும். அது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த உறை பையைப் பிடித்து நெருக்கும்போதுதான் தொல்லை. அந்த நெருக்கத்தின் அளவைச் சொல்லும் பேக்கர் தரவரிசையைப் பாருங்கள்: 1 என்றால் மெத்தென்றிருக்கும், 3 என்றால் கெட்டியாகி வடிவமும் மாறும், 4 என்றால் வலியும் சேரும். சுருங்குவது உறைதான், ஆனால் உள்வைப்பு வைத்தவள் உணர்வது இறுக்கத்தை. 'உறையிறுக்கம்' என்றே வைக்கலாம்.

அடுத்தது ரிப்பிளிங், உள்ளே பை மடிந்து தோலுக்கு வெளியே அலை அலையாகத் தெரிவது. என் மதினிக்குப் புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்து உள்வைப்பு வைத்தார்கள். ஒல்லியான உடம்பு, மேலே மூடச் சதை இல்லை. "குனிஞ்சு கருவாடு பொறுக்கையில மேல் ஓரத்துல, கடல் வத்துனப்புறம் கெடக்குற மணல் மாதிரி தெரியுது" என்றாள். 'சிற்றலை' என்றால் அசையும், இது அசைவதில்லை. நரை, திரை, மூப்பு என்கிறோமே, அந்தத் திரையிலிருந்து 'திரைப்பு' எடுக்கலாமா?

பாம்பனிலிருந்து

*

அக்கா,

உறையிறுக்கம் சரி. திரைப்பு வேண்டாம். முதுமை வாடை ஒரு பக்கம் இருக்கட்டும். 'பால் திரைந்துபோச்சு' என்று தினமும் சொல்கிற வீட்டில் மார்பையும் திரைதலையும் சேர்த்து எழுதினால் என்ன நினைப்பார்கள்? கைக்குழந்தைக்காரி பயந்தே போவாள். 'வரி' என்று போடுங்களேன்.

தொண்டியிலிருந்து

*

தம்பி,

பால் என் புத்திக்கே எட்டவில்லை! திரைப்பை விட்டுவிட்டேன். ஆனால் வரி என்றால் பிரசவ வரி நினைவுக்கு வரும். அது தோலில் விழுவது. இது உள்ளே பை மடிந்து வெளியே தெரிவது. தகரம் நெளிந்திருக்கு என்போமே, அப்படி 'ஓரநெளிவு'. மதினியிடம் இந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். விரலைச் சரியாக அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள்.

அப்புறம், உள்வைப்பு வைத்தபின் மறுபடி செய்யும் ரிவிஷன் அறுவைக்குக் கையேட்டில் இருக்கும் 'திருத்த அறுவை'. அதைப் படித்துவிட்டு, "யாரு செஞ்ச தப்பத் திருத்துறாக?" என்று கேட்டாள். தப்பு யார் மேலும் இல்லாமலும் நெளியும், இறுகும். உள்வைப்பு ஆயுள் முழுக்க உழைக்கும் பொருளும் அல்ல. உறையை எடுப்பது, பையை மாற்றுவது, வேறிடத்துக் கொழுப்பை எடுத்து ஓரத்தில் நிரப்புவது எல்லாமே அதற்குள் வரும். 'மறுசீரமைப்பு' என்றால் மார்பை எடுத்தபின் செய்கிற முதல் அறுவையோடு குழம்பும். இப்போதைக்கு 'மறு அறுவை' என்று எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கிறது. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.