வாக்கர் என்றால் "நடப்பவர்" தானா? பெட்டிச் செய்தியில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

மழைமானி

வணக்கம் நண்பர்களே. சிறுவர் அறிவியல் மாத இதழ் ஒன்றுக்குப் பருவமழை பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல் நினோ (பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) பற்றி எழுதினால் வாக்கர் சுழற்சி (பசிபிக் மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டம்) பற்றியும் எழுத வேண்டும், அதைத் தொட்டால் கில்பர்ட் வாக்கரும் வந்துவிடுவார். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கணித மேதை. பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, சீசா பலகை மாதிரி என்று கண்டு சொன்னவர்.

கட்டுரையில் சிக்கல் இல்லை. ஓரத்தில் ஒரு பெட்டி போட்டேன்: "வாக்கர் என்றால் நடப்பவர். இவருடைய முன்னோர் ஊர் ஊராக நடந்து திரிந்தவர்களாக இருக்கலாம்." ஆசிரியர் அக்கா அதைப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் "யார் சொன்னது?" என்று எழுதி அனுப்பிவிட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன்.

இணையத்தில் தேடினால் ஒரு குடும்ப வரலாற்றுத் தளம் "காட்டைச் சுற்றி நடந்து காவல் காத்தவர்" என்கிறது. இன்னொன்று துணி சம்பந்தப்பட்ட ஏதோ வேலை என்கிறது. எது சரி? இந்தப் பெயர் எவ்வளவு பரவலானது? தமிழில் ஒரே சொல்லில் பொருள் சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகிறது.

கடைசிபெஞ்சு

இதிலென்ன சந்தேகம்? ஜானி வாக்கர் பாட்டிலைப் பாருங்கள். கோட்டும் தொப்பியும் போட்டுக் கைத்தடியோடு ஒருவர் விறுவிறுவென்று நடக்கிறார். நடப்பவர்தான். கேஸ் முடிந்தது.

சொல்வேட்டை

கடைசிபெஞ்சு தம்பி, அந்தப் பாட்டில்தான் பாதிப் பேரைக் குழப்பியதே. அந்த விஸ்கிக்குப் பெயர் தந்த ஜான் வாக்கர், ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடை வைத்தது 1820இல். நடக்கும் மனிதர் படம் 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தது, பெயரை வைத்து ஒரு சிலேடை. விளம்பரக்காரர்களின் சிலேடையை அகராதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மழைமானி, துணி என்று சொன்ன தளம்தான் சரி. 'வெயால்கன்' என்று ஒரு பழைய ஆங்கில வினைச்சொல் உண்டு. உருட்டுதல், புரட்டுதல், அலைக்கழித்தல் என்று பொருள். கடல் அலை புரள்வதற்கும் அந்தச் சொல்தான். அதிலிருந்து வந்ததுதான் 'வாக்கர்'. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, ஈரத்தோடு மிதித்துப் புரட்டி இறுக்கமாக்குகிற தொழிலாளி. 'வாக்' என்றால் காலால் நடப்பது என்ற பொருள் பின்னால்தான் வேரூன்றியது. பழைய பொருள் வழக்கொழிந்தது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் தலைமுறை தாண்டி நிலைத்தது பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில். அதற்கு முன் ராபர்ட் என்பவர் துணி மிதித்தால் வாக்கர், அவர் மகன் ரொட்டி சுட்டால் பேக்கர். பெயர் நிலைத்த பிறகு மகனும் பேரனும் என்ன வேலை செய்தாலும் வாக்கர் என்றே ஆகிவிட்டது.

மழைமானி

நன்றி அண்ணா. ஆனால் ஒன்று புரியவில்லை. நெய்த துணியை எதற்கு மிதிக்க வேண்டும்? நைந்து போகாதா? நம் ஊரில் தறியிலிருந்து இறங்கிய வேட்டியை யாரும் மிதித்துப் பார்த்ததில்லை.

பானிபட் பாண்டியன்

இது என் ஏரியா. விருதுநகர்க்காரன், ஹரியானாவின் பானிபட்டில், நெய்த கம்பளியை முடித்துக் கொடுக்கும் ஃபினிஷிங் வேலையில் 19 வருடம் ஓட்டிவிட்டேன். நீங்கள் சொல்லும் வேலையை நாங்கள் 'மில்லிங்' என்போம்.

வேட்டி பருத்தி, இது ஆட்டு ரோமம். ரோம இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து சிக்கிக்கொள்ளும், பின்வாங்காது. துணி சுருங்கும், தடிக்கும், நெசவுக் கண்கள் அடைபடும். காற்றும் மழையும் சுலபமாக உள்ளே புகாது. தறியிலிருந்து வந்த கம்பளித் துணி சல்லடை மாதிரி, ஆட்டின் கொழுப்புப் பிசுக்கோடு இருக்கும். அதை அப்படியே கோட்டாகத் தைத்தால் யார் போடுவார்கள்?

நீங்களே வீட்டில் செய்து பார்த்திருப்பீர்கள். கம்பளி ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் மெஷினில் போட்டுவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியதுண்டா? அதுதான்.

மழைமானி

ஐயோ! போன டிசம்பரில் ஊட்டியில் வாங்கிய என் கணவரின் ஸ்வெட்டர். வெளியே எடுத்தால் எங்கள் யுகேஜி பையனுக்குக்கூடப் பிடிக்காத அளவு. பின்னல் கண்ணே தெரியவில்லை, அட்டை மாதிரி விறைத்து நின்றது. அப்படியானால் அன்றைக்கு நான்தான் வாக்கரா?

பானிபட் பாண்டியன்

நீங்களும் உங்கள் மெஷினும். அந்தக் காலத்தில் சோப்புக்குப் பதில் புளிக்க வைத்த மூத்திரம், அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுக்கும். ஊர் வீடுகளில் பானை வைத்துச் சேகரிப்பார்கள். அப்புறம் ஒரு வகைக் களிமண். முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று போட்டிருப்பான். அதேதான். அந்த ஃபுல்லர் வேறு யாருமில்லை, இதே துணி மிதிப்பவர்.

வேலை முடிந்ததும் துணியைச் சட்டத்தில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள், சீராகச் சுருங்க வேண்டும் என்பதற்காக. இந்த மூத்திர நாற்றத்தில் முழங்கால் அளவு நிற்பவருக்கு "நடப்பவர்" என்று பெயர் போட்டால் அவர் ஆவி உங்களைச் சும்மா விடாது.

வனராணி

காட்டுக் காவலர் கதையை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டுமா? அரசரின் காடுகளைப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் 'வாக்' என்று அழைத்தது உண்மைதானே. அதைச் சுற்றி வருபவர் வாக்கர் என்பது பொருத்தமாகத்தானே இருக்கிறது.

சொல்வேட்டை

பொருத்தமாக இருப்பதுதான் அதில் உள்ள ஆபத்து, வனராணி அம்மா. காட்டு உத்தியோகத்துக்குத் தனியாகவே பெயர்கள் உண்டு: ஃபாரஸ்டர், பார்க்கர், உட்வர்ட். வாக்கர் பெயர் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். காடு இருந்த இடத்தில் இல்லை, கம்பளி இருந்த இடத்தில்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெயர்கள் வட்டாரவாரியாகப் பிரிந்திருப்பதுதான். ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர். வடக்கிலும் நடுப்பகுதியிலும் யார்க்ஷயர், லங்காஷயர் பக்கம் வாக்கர். கென்ட், சசெக்ஸ், சஃபோக் என்று தென்கிழக்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், இது லத்தீன் 'ஃபுல்லோ' வழி வந்தது. டெவன், கார்ன்வால், சோமர்செட் என்று தென்மேற்குப் போனால் டக்கர். நம் ஊர் 'டக்கர்' இல்லை. 'வதைத்தல்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. துணியை வதைப்பவர்! எக்ஸிடர் நகரில் நெசவாளர், துணி மிதிப்பவர் சங்கத்தின் மண்டபம் இன்றும் நிற்கிறது, 1471இல் கட்டியது. பெயர் டக்கர்ஸ் ஹால். அதே மண்டபம் யார்க்ஷயரில் லீட்ஸ் பக்கம் இருந்திருந்தால் வாக்கர்ஸ் ஹால் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நம்மூரில் ஒரே காயைப் பரங்கி, பூசணி என்று ஊருக்கு ஒரு பெயரில் சொல்கிறோமே, அந்த மாதிரி. அங்கே அது மனிதர்கள் மேல் ஏறி உறைந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் கேலிக் மொழியில் 'துணி மிதிப்பவன் மகன்' என்று பொருள்படும் பெயர் கொண்டவர்களும் ஆங்கிலத்துக்கு மாறும்போது வாக்கர் ஆனார்கள்.

கடைசிபெஞ்சு

சரி, பாட்டிலை உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் தண்ணீரில் ஓடும் மில் வந்த பிறகு யார் காலால் மிதித்தார்கள்?

சொல்வேட்டை

நல்ல கேள்வி. மர உலக்கைகளைத் தண்ணீர்ச் சக்கரம் தூக்கிப் போடும் மில் இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. 1185ஆம் ஆண்டு டெம்ப்ளர் வீரத்துறவிகளின் சொத்துக் கணக்கில், யார்க்ஷயர் நியூஷமில் அப்படி ஒரு மில் பதிவாகியிருக்கிறது. அதாவது வாக்கர் என்ற பெயர் பரம்பரையாக நிலைக்கும் காலத்தில் பலர் உண்மையில் மிதிக்கவே இல்லை, மில்லைத்தான் பார்த்துக்கொண்டார்கள். கால் போனது, பெயர் இருந்தது.

கணக்குப்பிள்ளை

எண்ணிக்கை கேட்டிருந்தீர்கள் இல்லையா. 1853இல் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுத்துறை போட்ட மதிப்பீட்டில் வாக்கர் 18ஆவது இடம், சுமார் 59,300 பேர். ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர். முதலிடம் ஸ்மித், இரண்டரை லட்சத்துக்கு மேல்.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000இல் 28ஆவது இடம், 2010இல் 31. இடம் இறங்கியது, ஆள் குறையவில்லை. 5 லட்சத்திலிருந்து 5.2 லட்சத்துக்கு ஏறியிருக்கிறது. சான்செஸ், ராமிரஸ் போன்ற ஸ்பானியப் பெயர்கள் வேகமாக மேலே வந்துவிட்டன, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. அந்த 5.2 லட்சம் பேரும் யார்க்ஷயர் வம்சம் என்று எழுதிவிடாதீர்கள். கறுப்பின அமெரிக்கர்கள் அதில் கணிசம், எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் போல. அடிமை முறையின் வழியாக வந்து சேர்ந்த பெயரில் முன்னோரின் தொழிலைத் தேட முடியாது. முடி அழகுப் பொருள் விற்றுப் பெரும் செல்வரான மேடம் சி. ஜே. வாக்கருக்குக் கணவர் வழி வந்த பெயர் அது. ஜெர்மன் மொழியிலும் இதே தொழிலுக்கு 'வால்கர்' உண்டு, அந்தக் குடும்பங்களும் அங்கே போய் வாக்கர் ஆகியிருக்கின்றன.

ஸ்டெல்லா டீச்சர்

தமிழ்ச் சொல் கேட்டீர்களே, தம்பி. பைபிளில் மாற்கு 9:3 பாருங்கள். இயேசுவின் வஸ்திரம் பூமியிலே எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மையாய்ப் பிரகாசித்தது என்று வரும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஃபுல்லர். 1380களில் வந்த விக்ளிஃப் ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில் "ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்" என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே வாக்கர் என்றால் வண்ணார் என்று எழுதிவிடலாமே?

மழைமானி

டீச்சர், நான் தம்பி இல்லை, தங்கை. ஆனால் இந்த வசனம் அருமை. ஒரே சொல்லில் முடிந்துவிட்டதே!

பானிபட் பாண்டியன்

அவசரப்படாதீர்கள். அந்த வசனத்தில் பேச்சு வெண்மையைப் பற்றி, அதனால் தமிழில் வண்ணான் பொருந்துகிறது. ஆனால் வண்ணார் உடுத்திய துணியை வெளுப்பவர். வாக்கர் யாரும் உடுத்தாத புதுத் துணியை முடித்துக் கொடுப்பவர். அழுக்கு எடுப்பது அதில் ஒரு பகுதி, முக்கிய வேலை சுருக்கித் தடிக்க வைப்பது.

சொல்வேட்டை

அதோடு, தமிழில் வண்ணார் என்றால் தொழில் மட்டுமில்லை, சாதியும் உடனே வந்து நிற்கும். இங்கிலாந்தில் வாக்கர் வீட்டுப் பையன் வேறு தொழிலுக்குப் போனால் யாரும் தடுக்கவில்லை. நம் சொல்லைப் போட்டால் குழந்தைகள் நம் கதையை அங்கே ஏற்றிப் படிப்பார்கள். ஒரே சொல் வேண்டாம். "கம்பளித் துணியை மிதித்துப் பதப்படுத்துபவர்" என்று நீட்டியே எழுதுங்கள்.

மழைமானி

சரி, இப்படி எழுதினேன்: "வாக்கர் என்றால் நடப்பவர் அல்ல. கம்பளித் துணியைத் தொட்டியில் மிதித்துப் பதப்படுத்தியவர். கில்பர்ட் வாக்கர் பிறந்த ராச்டேல், கம்பளிக்குப் பெயர்பெற்ற ஊர். அவருடைய முன்னோர் அங்கே துணி மிதித்தவர்கள்."

கணக்குப்பிள்ளை

கடைசி வாக்கியத்தை வெட்டுங்கள். அவர் பிறந்தது 1868இல். பெயர் நிலைத்ததற்கும் அவருக்கும் நடுவே ஐந்நூறு வருடம் இருக்கிறது. ராச்டேல் அன்றைக்கு லங்காஷயரில் இருந்தது, கம்பளி ஊர், வாக்கர்கள் நிறைந்த வட்டாரம், எல்லாம் சரி. ஆனால் அவர் குடும்பம் அங்கேயே மிதித்தது என்பதற்கு நம் கையில் எதுவும் இல்லை. பென்சில் திரும்ப வரும்.

மழைமானி

வெட்டிவிட்டேன். அக்கா ஒத்துக்கொண்டார், "மூத்திரம்" மட்டும் சேர்க்கச் சொல்கிறார், குழந்தைகள் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்களாம். எல்லோருக்கும் நன்றி. தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.

பாண்டியன் அண்ணா, போகிற போக்கில் ஒன்று. அந்த ஸ்வெட்டரை மறுபடி நீட்ட ஏதாவது வழி உண்டா?

பானிபட் பாண்டியன்

செதில் பூட்டிக்கொண்டால் திறக்காது. வெட்டி, சூடான பாத்திரம் பிடிக்க இரண்டு கைப்பிடித் துணி தைத்துக்கொள்ளுங்கள். ஓரம் பிரியவே பிரியாது, மடித்துத் தைக்கக்கூட வேண்டாம்.